துணை என்றால் கூட வருவது



லாரியின் முன்கண்ணாடியிலும் கல்யாணப் பத்திரிகையின் உச்சியிலும் 'முருகன் துணை' என்று எழுதுகிறோம். லாரியை ஓட்டுகிறவர் டிரைவர்தான். முருகன் கூட வருகிறார். அந்த வாசகத்தை எழுதிவிட்டு எந்த டிரைவரும் ஸ்டீயரிங்கை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. இந்த மாதப் பாடத்துக்கு 'துணை' என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது வாந்தி, வாய்ப்புண், அசதி, தூக்கமின்மை எல்லாம் வரும். அவற்றைத் தணிக்க, மருத்துவமனை மருந்தோடு சேர்த்துச் செய்கிற மற்ற வைத்தியங்களுக்குத் துணை மருத்துவம் என்று பெயர். யோகா, மூச்சுப் பயிற்சி, அக்குபிரஷர், மசாஜ், இஞ்சி, மூலிகை எல்லாம் இதில் அடங்கும். கீமோவை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் செய்தால் அது மாற்று மருத்துவம். பெயரில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் விளைவு ரொம்பப் பெரிது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையிலும் மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிப் போன 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தாருக்கு இறக்கும் அபாயம் 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல்.

நான் மருந்தாளராக வேலை செய்கிறேன், இளைஞர் வகுப்பும் எடுக்கிறேன். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். "அக்கா, அம்மாவுக்குக் கீமோ ஆரம்பிச்சிட்டாங்க. பெரியம்மா ஒரு பாட்டில் கொண்டு வந்து குடுத்தாங்க. குடுக்கலாமா?" செருப்பு மாட்டும் நேரத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா இது? அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊர் நிலவரம்

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருந்த 546 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் கேட்டார்கள். 386 பேர், அதாவது பத்தில் ஏழு பேர், ஏதோ ஒரு துணை வைத்தியத்தையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே பெரியம்மா கொண்டு வந்த பாட்டில் ஒரு வீட்டுக் கதை கிடையாது, ஊர்க் கதை. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. துணை வைத்தியம் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மொத்த வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் இல்லை. 'ஏதாவது செய்தால் நல்லது' என்பது போதாது என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். எதை, எதற்காக, எப்போது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இன்னோர் ஆய்வு 2017இல் வந்தது. நம் நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 340 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் எடுத்தது. கிட்டத்தட்ட பாதிப் பேர் வேறு வைத்தியம் பார்த்திருந்தார்கள். அவர்கள் மருத்துவமனைக்கு வருவதும், நோய் இன்னதென்று உறுதியாவதும் மற்றவர்களைவிடத் தாமதமாகியிருந்தது. தாமதத்தின் விலை என்ன? சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, மலேசியாவில் மார்பகப் புற்றுநோயை முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் ஐந்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பு 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில் 23.3 விழுக்காடு.

இப்படிச் சொல்வதால் துணை மருத்துவமே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். வாந்தி தாங்க முடியாமல் "இனி அந்த ஊசி வேணாம், செத்தாலும் பரவால்ல" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வாந்தியைக் குறைக்கிற எதுவும் அவரை அடுத்த கீமோவுக்கு மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கும். அந்த வேலைக்குத்தான் துணை.

வாந்தி: மூன்று வகை

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ அழிக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவை. ஆனால் முடியின் வேர், வாய்த்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாகப் பெருகுகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. குடல் அடி வாங்கும்போது அதிலுள்ள சில செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்ப, வாந்தி வருகிறது. மருத்துவமனையில் கொடுக்கும் ஒண்டான்செட்ரோன் மாத்திரை இந்தச் செய்தியைத்தான் தடுக்கிறது.

முதல் 24 மணி நேரத்தில் வருவது ஒரு வகை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவது இன்னொரு வகை. மூன்றாவது வகைதான் வீட்டாருக்குப் புரியாது. ஊசி இன்னும் போடவே இல்லை, மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போதே குமட்டும். டெட்டால் வாடை பட்டாலே வாந்தி. "எல்லாம் மனசுதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறோம். அது நடிப்பும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. முன்பு பட்டதை உடம்பு மனப்பாடம் செய்துகொண்டது. இந்த மூன்றாம் வகைக்கு மாத்திரை அவ்வளவாகக் கைகொடுக்காது.

இங்கேதான் நம் யோகாவுக்கு இடம் இருக்கிறது. பெங்களூரில் 62 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. கீமோவுக்கு முன்பும் வீட்டிலும் தளர்வுப் பயிற்சி, பிராணாயாமம், தியானம் செய்தவர்களுக்குக் கீமோவுக்குப் பிந்திய குமட்டலும் குறைந்தது, முன்கூட்டியே வரும் குமட்டலின் கடுமையும் குறைந்தது. யோகா என்றதும் தலைகீழாக நிற்பதை நினைக்காதீர்கள். சிரசாசனமும் கபாலபாதியும் இந்த நேரத்தில் வேண்டாம். சவாசனம், மெதுவான நாடிசுத்தி, மூச்சை எண்ணுவது போதும். அம்மா படுத்துக்கொண்டே செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்வது உங்கள் வேலை. நாமஜபம் பழகியவர்கள் மூச்சோடு சேர்த்து ஜபிக்கலாம், அதற்கு எந்த டாக்டரும் தடை சொல்லப்போவதில்லை.

தூக்கத்துக்கும் யோகா உதவுகிறது. அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 410 பேரிடம் செய்த ஆய்வில், நான்கு வாரம், வாரம் இரண்டு முறை மென்மையான யோகா செய்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், தூக்க மாத்திரையும் குறைவாக எடுத்தார்கள்.

இஞ்சி

பாட்டி சொன்னது சரிதான், ஓர் அளவு வரைக்கும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 576 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். எல்லாரும் வாந்தி மாத்திரையும் எடுத்தார்கள். அதோடு சிலருக்கு இஞ்சிக் குளிகை, சிலருக்கு வெறும் குளிகை. கீமோவுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி ஆறு நாள் கொடுத்தார்கள். இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு நாளைக்கு அரை கிராமும் ஒரு கிராமும்தான் நன்றாக வேலை செய்தன, ஒன்றரை கிராம் அவற்றை மிஞ்சவில்லை. ஒரு கிராம் என்றால் சுக்குப் பொடி ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. 'மருந்துதானே, இன்னும் ரெண்டு ஸ்பூன் போடு' என்பது நம் வீட்டுப் பழக்கம். வேண்டாம். (மாமாக் கடை தே ஹாலியா இந்தக் கணக்கில் சேராது. அதில் இஞ்சியைவிடச் சீனியும் பாலும்தான் அதிகம்.)

நம் நாட்டிலும் 60 பெண்களிடம் இஞ்சி எண்ணெய் வாசனையைச் சோதித்தார்கள், 2015இல் வெளியானது. கழுத்தில் மாட்டிய சின்னக் குப்பியிலிருந்து ஐந்து நாள் முகர்ந்தார்கள். தொடக்கத்தில் குமட்டல் குறைந்தது, ஆனால் அது நீடிக்கவில்லை. வாந்தியில் மாற்றம் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு இஞ்சியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களும் இஞ்சிக் குளிகைக்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும். ரசத்தில் போடும் இஞ்சியைப் பற்றி இங்கே பேசவில்லை.

மணிக்கட்டு, மசாஜ், ஐஸ்

மணிக்கட்டின் உள்பக்க ரேகையிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அளவு மேலே, முழங்கை நோக்கி வாருங்கள். இரண்டு நரம்புக் கயிறுகள் போலத் தெரிவதற்கு நடுவில் ஒரு புள்ளி. சீன வைத்தியத்தில் இதை நெய்குவான் என்கிறார்கள். இந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் குமட்டல் தணியும். அக்குபங்சர் கீமோ வாந்திக்குப் பயன் தருகிறது என்று அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு 1997இலேயே சொன்னது. ஊசி குத்துவதென்றால் இரத்த எண்ணிக்கை பார்த்த பிறகு, தகுதி பெற்றவரிடம் மட்டும். விரலால் அழுத்துவதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. மார்பக அறுவைக்குப் பின் வீங்கிய கையாக இருந்தால் மட்டும் மற்றக் கையில் அழுத்துங்கள்.

மசாஜ் என்றால் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வரும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் பார்வையற்ற மசாஜ்காரர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் விரல்களில் இருக்கும் அறிவு லேசானதில்லை. ஆனால் "கீமோ எடுக்கிறேன்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். மென்மையான கை, கால், தோள் மசாஜ் பதற்றத்தைக் குறைக்கும். அழுத்திப் பிசைவது கூடாது. தட்டணு குறைந்திருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டும். காலில் இரத்தக் கட்டி இருந்தாலோ, எலும்புக்கு நோய் பரவியிருந்தாலோ மசாஜே வேண்டாம். ஊசி ஏற்ற நெஞ்சில் பொருத்திய 'போர்ட்' பக்கம் கை வைக்கக்கூடாது.

வாய்ப்புண்ணுக்கு மிக மலிவான துணை ஐஸ் கட்டி. 5-ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தைச் சட்டென்று ஊசியாக ஏற்றும்போது அரை மணி நேரம் ஐஸ் சப்பிக்கொண்டிருந்தால், வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அங்கே மருந்து குறைவாகப் போய்ச் சேரும். புண் குறையும். ஆனால் அதே நோயாளிக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு மருந்தும் கொடுத்தால் கதை தலைகீழ். அந்த மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர் பட்டாலே தொண்டையும் விரலும் மின்சாரம் பாய்ந்ததுபோல் துடிக்கும். ஐஸ் கட்டி ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு வேதனை. வெறும் தண்ணீர் விஷயத்திலேயே இப்படியென்றால் பாட்டிலில் அடைத்த சாறு எப்படி எல்லாருக்கும் ஒத்துவரும்?

அசதிக்கு, நம்பமாட்டீர்கள், நடைதான் முதல் மருந்து. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று நாம் காட்டும் பாசம் அசதியைக் கூட்டும். மாலையில் தாமான் பூங்காவில் பத்து நிமிடம் கையைப் பிடித்து நடந்தால் போதும்.

பத்தியம் என்ற நம் சொல்

"டாக்டர்கிட்ட சொல்லாதே, திட்டுவாங்க. அவங்களுக்கு நம்ம வைத்தியம் பிடிக்காது." இதை அடிக்கடி கேட்கிறேன். நம் சித்த வைத்தியர் என்ன செய்வார், யோசித்துப் பாருங்கள். மருந்து கொடுக்கும் முன், இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார். கொடுத்த பிறகு பத்தியம் சொல்வார். இதைத் தேனில் குழைத்துச் சாப்பிடு, அதைப் பாலில் சாப்பிடு என்று அனுபானம் சொல்வார். ஒரு மருந்து இன்னொன்றோடு சேரும்போது குணம் மாறும் என்பது நம் வைத்தியத்தின் அடிப்படைப் பாடம். எனவே கீமோ டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வது வெள்ளைக்காரன் பழக்கம் இல்லை. பத்தியம் கேட்கிற பழக்கம்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகை நம் முன்னோர் பல மருந்துகளோடு சேர்த்தார்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மற்ற மருந்துகள் உடம்பில் ஏறும் அளவை மாற்றுகிறது என்று இன்று ஆய்வுக்கூடமும் சொல்கிறது. சரி, இப்போது கடைகளில் விற்கும் மஞ்சள் குளிகையைப் பாருங்கள். பெரும்பாலும் பைப்பரின் சேர்த்துத்தான் வருகிறது. நெதர்லாந்தில் 2019இல், டாமோக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இப்படிப்பட்ட குளிகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்த மருந்தின் வேலை செய்யும் வடிவம் ஏறக்குறைய 12 விழுக்காடு குறைந்தது. சைக்ளோபாஸ்ஃபமைட் என்ற கீமோ மருந்து புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதை மஞ்சளின் சத்து தடுத்தது என்று 2002இலேயே ஓர் ஆய்வுக்கூடச் சோதனை காட்டியது. சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. குளிகையில் இருப்பது அதைப்போல் பல மடங்கு.

டுரியான் பெலாண்டா இலை, சபா பாம்புப் புல், பப்பாளி இலைச் சாறு இவையெல்லாம் நம் ஊரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் செல்லைக் கொன்றது என்பதும் மனித உடம்பில் நோயைக் குணப்படுத்தியது என்பதும் வேறு வேறு. கீமோ நாட்களில் இவற்றைத் தள்ளி வைக்கத்தான் நான் சொல்வேன். கை கால் மரத்துப்போவதைத் தடுக்கும் என்று நம்பி, அசிட்டைல் கார்னிடின் என்ற 'சத்து மாத்திரை'யை 409 பெண்களிடம் சோதித்தார்கள். மரத்துப்போவது கூடிவிட்டது. 2013இல் வந்த முடிவு அது. 'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை' என்று இனிச் சொல்லாதீர்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும், பிரிக்பீல்ட்ஸில் ஆயுர்வேத மருந்து வாங்கினாலும், லேபிள் இல்லாத பொடியைத் தொடாதீர்கள். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது, 2004இல். நம் நாட்டில் வேறொரு தொல்லை. 'பாரம்பரிய மருந்து' என்று விற்பதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் மறுபடி மறுபடி பிடிக்கிறார்கள். சாப்பிட்டதும் பசி எடுக்கும், தெம்பு வரும், "பாத்தியா, நல்லா கேக்குது" என்போம். கேட்டது மூலிகை இல்லை.

கோயிலும் விரதமும்

கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் பொதுவாக மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் கூட்டமான திருவிழா வேண்டாம். காய்ச்சாத பாலில் செய்த அபிஷேகத் தீர்த்தமும், பலர் கைபட்ட பஞ்சாமிர்தமும் வேண்டாம். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். "சஷ்டி விரதத்தை விடமாட்டேன்" என்று அம்மா சொன்னால், மாத்திரையும் சாப்பாடும் உண்டு என்ற விரதமாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் "எல்லாம் முன்வினை" என்று ஆரம்பிப்பார். காப்பி கொடுத்து, வேறு பேச்சுக்கு மாற்றிவிடுங்கள்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், இரவு மணி இரண்டானாலும், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பெனடால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கசாயமும் கூடாது. கீமோ எடுக்கிறார் என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

எங்கே கேட்பது

2016இல் நம் நாட்டில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்தது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, யோகாவும் இயற்கை மருத்துவமும் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்ற பெயரில் இதில் அடங்குகின்றன. வைத்தியரிடம் பதிவுச் சான்று கேட்பது உங்கள் உரிமை. சில அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவே இருக்கிறது. புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் அக்குபங்சரும், புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக மூலிகையும் கொடுக்கிறார்கள். டாக்டர் அனுப்பினால் போகலாம். டாக்டரிடம் கேட்கும்போது "இது நல்லதா?" என்று கேட்காதீர்கள். "அம்மா எடுக்கும் இந்த மருந்தோடு இது மோதுமா?" என்று கேளுங்கள். தாதியிடம் 'உபாட் கம்போங்' என்றாலே புரியும். வீட்டில் இருக்கும் எல்லா பாட்டிலையும் ஒரு பையில் போட்டு அப்பாய்ன்மெண்ட் நாளில் மருந்தகச் சன்னலுக்குக் கொண்டுபோங்கள். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பையைத் தூக்கும் வேலை உங்களுடையது.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பாரம்பரிய மருந்தின் லேபிளைப் படம் எடுத்து வாருங்கள். 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கிறதா, ஒளிரும் ஹாலோகிராம் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண், பொருள் பதிவானது என்பதற்கு மட்டுமே சான்று, புற்றுநோய்க்குக் கேட்கும் என்பதற்குச் சான்று ஆகாது. லேபிளிலோ விளம்பரத்திலோ 'புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று இருந்தால் அதையும் வட்டம் போட்டு எடுத்து வாருங்கள். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி அப்படி விளம்பரம் செய்வதே குற்றம். அந்தப் படங்களை வைத்துத்தான் அடுத்த பாடத்தைத் தொடங்கப்போகிறோம்.